ரீச்சரிடம் கேளுங்கள்: காட்டுத் தரையில் ஒட்டிக் கிடப்பது என்ன?

போன இதழில், மாமரப் பட்டையிலும் தென்னையிலும் வெண்சாம்பல் திட்டாகப் படர்வது நோய் அல்ல, இலைக்கன், அதைச் சுரண்டி எடுத்து மரத்துக்குப் புண் வைக்காதீர்கள் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு "அப்ப மண்ணில கிடக்கிறது என்ன?" என்று கேட்டுக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே பாம்புக் கேள்விகளும் குளவிக் கூட்டுக் கேள்விகளும் அடுத்த மாதம் வரை பொறுத்திருக்கட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: இலைக்கன் என்பது ஓர் உயிர் அல்ல, கூட்டுக் குடித்தனம். பங்கசு வீடு கட்டிக் கொடுக்கும். உள்ளே இருக்கும் அல்காவோ சயனோபற்றீரியாவோ வெயிலில் உணவு ஆக்கிக் கொடுக்கும்.

எங்கட பட்டி மாடு மேயிற காட்டுக்குள்ள ஒரு பெரிய பாறை இருக்கு ரீச்சர். பாறையில இருந்து மழைத்தண்ணி வழிஞ்சு வாற இடத்து மண்ணில சின்னச் சின்னக் கபில நிறச் செதில் ஒட்டிக் கிடக்கு. மழை விழுந்தா பச்சையாகுது. மேல கறுப்புப் புள்ளியும் இருக்கு. அப்பா "மண்ணுக்குத் தேமல் பிடிச்சிருக்கு" என்கிறார். போனில இருக்கிற செயலி ஒருக்காக் காளான் என்குது, மறுகா ஈரலுருத் தாவரம் என்குது. எதை நம்புறது?
*வாசகர், வெல்லாவெளி*

அப்பா சொன்னது செயலியைவிடக் கிட்ட: இது மண்ணில் படரும் இலைக்கன், ஆனால் நோய் அல்ல. செயலி மேலிருந்து எடுத்த படத்தை மட்டும்தான் பார்க்கிறது. மண் இலைக்கனுக்கு மேற்பக்கம் பாதிச் சாட்சிதான்; மிச்சம் அடியிலும் உள்ளேயும் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, செதிலின் நிறத்துக்கு முன்னால் இடத்தைச் சொன்னீர்களே, அதுதான். பாறையிலிருந்து தண்ணீர் வழியும் மண். நம் காட்டுக்குள் வீரையும் பாலையும் முதிரையும் நெருங்கி நிற்கும் இடத்தில் தரையைப் பாருங்கள்: கணுக்கால் அளவு சருகு. அதற்கடியில் இலைக்கன் தேடுவது வீண் வேலை. வெளிச்சம் இல்லாமல் உள்ளே இருக்கும் அல்கா பட்டினி கிடந்து செத்துவிடும். சருகு தங்காத இடத்தில்தான் மண் இலைக்கனுக்கு வாழ்வு. பாறையின் அடிவாரம், மாட்டுப் பாதையின் ஓரச் சரிவு, தண்ணீர் அரித்த மேட்டின் வெட்டுமுகம், கறையான் விட்டுப்போன பழைய புற்று, பழைய குளக்கட்டின் பக்கச் சரிவு. இந்த இடங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கிடைக்காவிட்டால் பேசாமல் வீட்டுக்குப் போகலாம்.

இனி, வேலை. ஒரு கைவில்லை வேண்டும். 10 மடங்கு பெருப்பிப்பது காணும். கண்ணுக்கு ஒட்டினாற்போல வில்லையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மண்ணுக்குக் கொண்டு போங்கள். பலர் வில்லையை மண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றபடி எட்டிப் பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது. (என் முழங்கால்கள் இப்போது சொன்ன சொல் கேட்பதில்லை. நான் ஒரு பழைய உரச் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துவிடுவேன். வழியில் போகிறவர்கள் பயந்து போவதும் உண்டு.)

காய்ந்து கிடக்கும் ஒரு செதிலின் மேல் ஒரு துளி தண்ணீர் விட்டுவிட்டு, கண்ணை எடுக்காமல் பாருங்கள். முதலில் துளி உருண்டு நிற்கும். பிறகு செதில் அதைக் குடிக்கத் தொடங்கும். மேலே சுருண்டிருந்த ஓரம் மெல்லத் தாழ்ந்து மண்ணில் படியும். கபிலத்துக்குள்ளிருந்து பச்சை கிளம்பி வரும். மேற்தோல் நனைந்ததும் கண்ணாடி போல ஒளி புக விடுகிறது, அதனால் அடியில் இருக்கும் அல்காப் படை வெளியே தெரிகிறது. நீங்கள் மழையில் கண்டது இதுதான். செதில் கறுத்துக் கூழ்போல ஊதியிருந்தால் உள்ளே சயனோபற்றீரியா என்று நினைக்கலாம். உங்களுடையது பச்சை, ஆகவே உள்ளே பச்சை அல்கா.

ஈரலுருத் தாவரமா என்ற சந்தேகத்தையும் தீர்த்துவிடுவோம். மாரியில் வயல் வரம்பிலும் ஈர மண்ணிலும் ரிக்சியா என்ற ஈரலுருத் தாவரம் படரும். அது இரண்டிரண்டாகக் கிளைத்து, நடுவில் ஒரு பள்ளக் கோடு ஓடும். அது காய்ந்து சுருளும், நனைந்தால் விரியும், ஆகவே தண்ணீர்ச் சோதனை மட்டும் போதாது. புது சவர அலகால் செதிலைக் குறுக்கே ஒரு கீற்று வெட்டி வில்லையில் பாருங்கள். இலைக்கன் என்றால் மேலே மெல்லிய தோல், அதன்கீழ் பச்சைக் கோடு, அதன்கீழ் வெள்ளைப் பஞ்சு. ஈரலுருத் தாவரத்தில் இந்த வெள்ளைப் பஞ்சு இருக்காது.

கறுப்புப் புள்ளிக்கு வருகிறேன். அவை அழுக்கு அல்ல, குடுவை வடிவான வித்திக் கூடுகளின் வாய். கூடு முழுவதும் செதிலுக்குள் புதைந்திருக்கும், வாய் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். மண்ணில் செதில், உள்ளே பச்சை அல்கா, மேலே கறுப்பு வாய், அடியில் மண்ணைப் பற்றிய கருமையான இழைகள். இவ்வளவும் சேர்ந்தால் நான் எண்டோகார்பன் என்ற பேரினத்தை நினைப்பேன். உலகின் உலர்ந்த நிலங்களில் மண்ணிலும் பாறையிலும் பரவலாக உள்ள கூட்டம் அது.

உறுதிப்படுத்த ஆசை இருந்தால் பக்கத்துப் பாடசாலையில் உயர்தர வகுப்பு நுணுக்குக்காட்டியைக் கேளுங்கள். ஒரு கறுப்புப் புள்ளியை ஊசியால் தோண்டி, ஒரு துளி நீரில் நசுக்கி, 400 மடங்கில் பார்க்க வேண்டும். எண்டோகார்பன் என்றால் பெரும்பாலும் கூட்டுக்குள் உள்ள ஒவ்வொரு வித்திப் பையிலும் இரண்டே வித்திகள் இருக்கும். வித்திக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புச் சுவர்கள். அந்தக் கூட்டுக்குள்ளேயே, வித்திப் பைகளுக்கு நடுவில், குட்டிக் குட்டிப் பச்சைக் கலங்களும் கிடக்கும். மற்ற இலைக்கன்களில் பெரும்பாலானவை வித்தியை வெறுங்கையோடுதான் வெளியே அனுப்பும். விழுந்த இடத்தில் தகுந்த அல்கா கிடைத்தால் அதிர்ஷ்டம். எண்டோகார்பன் சீதனத்தோடு அனுப்புகிறது: வித்தி வெளியே பாயும்போது இந்த அல்காக் கலங்களும் கூடவே ஒட்டிக்கொண்டு போகும். ஏர்ன்ஸ்ட் ஸ்ரால் என்ற ஜேர்மனியத் தாவரவியலாளர் 1877இல் இதே எண்டோகார்பனின் வித்தியையும் அல்காவையும் சேர்த்து வளர்த்து இலைக்கனை உருவாக்கிக் காட்டினார். இலைக்கன் இரு உயிர்களின் கூட்டு என்று சுவிற்சர்லாந்துத் தாவரவியலாளர் சிமோன் சுவென்டனர் 1860களின் கடைசியில் சொன்னபோது நம்ப மறுத்த பெரியவர்கள் நிறையப் பேர். ஸ்ராலின் சட்டியில் முளைத்தது அவர்களுக்கு நல்ல பதில்.

எண்டோகார்பனில் எந்த இனம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். வித்தியை அளந்து பார்க்காமல் கடிதத்தை வைத்து இனப்பெயர் சொல்வது சாத்திரம் பார்ப்பது, தாவரவியல் அல்ல. பேரதெனியா பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெயிற்ஸ் சேகரித்த இலங்கை இலைக்கன்களை லெய்ற்றன் என்ற ஆங்கிலேயர் 1870இலேயே பட்டியலிட்டு வெளியிட்டார். அதற்குப் பிறகும் ஆய்வாளர்களின் கண் பெரும்பாலும் மலைநாட்டிலும் ஈரவலயத்திலும்தான். உங்கள் படுவான்கரைப் பக்கத்துக் காட்டு மண்ணைக் குனிந்து பார்க்கிறவர் குறைவு. உங்கள் பாறையடிக்கு ஒரு பெயர் கிடைக்கச் சுணங்கலாம். இடம், திகதி, மண் வகை, பக்கத்து மரம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். இலை எல்லாம் கொட்டின பிறகு மேப்பிள், பீச் மரக் காட்டுக்குள் நடக்கப் போனவள், மரத்தடியில் பாசிக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் சாம்பல் மடல்கள் படர்ந்திருந்ததைக் கண்டு படம் எடுத்து அனுப்பினாள். தூறல் விழுந்ததும் கறுநீலமாகிவிட்டதாம். கூட வந்தவர் "நாய் இலைக்கன்" என்றாராம். நாய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு? எங்கள் காட்டில் ஏன் இப்படி ஒன்றைக் காணவில்லை? நான்கு படங்களையும் அச்சிட்டு இணைத்துள்ளேன்.
*ஓய்வுபெற்ற தபால் ஊழியர், களுவாஞ்சிகுடி*

மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் ஐயா. நான்கில் ஒரு படத்தில் மடலைக் கவனமாகத் தூக்கி அடிப்பக்கத்தையும் எடுத்திருக்கிறா. அந்த ஒரு படம் இல்லாவிட்டால் மற்ற மூன்றையும் வைத்துக்கொண்டு ஊகம்தான் சொல்லியிருப்பேன்.

அடிப்பக்கம் வெள்ளை. தோல் இல்லை, வெறும் பஞ்சுதான். அதன்மேல் புடைத்த நரம்புகள் விசிறியாக விரிகின்றன. நரம்புகளிலிருந்து வேர்போலிகள் கொத்துக் கொத்தாக இறங்கிப் பாசியைப் பிடித்திருக்கின்றன. பெரிய மடல், அடியில் தோல் இல்லாமை, நரம்பு, வேர்போலி: இது பெல்டிஜெரா என்ற பேரினம். மண்ணிலும் பாசி படர்ந்த மரத்தடியிலும் வாழும் இலைக்கன்களில் வட நாடுகளில் எல்லோருக்கும் முதலில் அறிமுகமாவது இதுதான்.

உள்ளே இருப்பது நொஸ்ரொக் என்ற சயனோபற்றீரியா. அதனால்தான் நனைந்ததும் பச்சையாகாமல் கறுநீலமாகிறது. நொஸ்ரொக் காற்றிலுள்ள நைதரசனையும் பதிக்கும்; மடல் மக்கும்போது அது காட்டு மண்ணுக்குப் போய்ச் சேரும். பெல்டிஜெராவிலேயே பச்சை அல்காவோடு குடித்தனம் நடத்தும் இனங்களும் உண்டு. அவை நனைந்தால் பளிச்சென்ற பச்சை. மேலே கறுப்பாகச் சிறு மருக்கள் தெரியும். அந்த மருக்களுக்குள் மட்டும் நொஸ்ரொக் இருக்கும். மகளின் படத்தில் மருவும் இல்லை, பச்சையும் இல்லை. அந்தக் கூட்டத்தை விட்டுவிடுவோம்.

இனி மேற்பரப்பு. மடலின் ஓரத்தை வில்லையால் பார்த்தால் வெள்ளை மென்மயிர் படிந்திருக்கிறதா, வழுவழுப்பாக மினுங்குகிறதா? மினுங்கினால் பொலிடாக்டிலன் கூட்டத்தின் பக்கம் போக வேண்டும். இரண்டாவது படத்தில் மென்மயிர் நன்றாகத் தெரிகிறது, ஆகவே கனைனா கூட்டம். இதற்குள்தான் சிக்கல். வெயில் படும் வறண்ட மண்ணில், ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, அடியில் நரம்பு நெருக்கமாகவும் கருமையாகவும் இருந்தால் ரூஃபெசென்ஸ். புதிதாகக் கிளறிய மண்ணிலும் தீப்பட்ட இடத்திலும் சின்ன மடல்களாக முளைத்து, மேலே வட்ட வட்டமாகச் சாம்பல் தூள் கொட்டிக் கிடந்தால் டிடாக்டிலா. மேற்பரப்பு முழுவதும் மணல் தூவியதுபோலச் சிறு மணிகள் இருந்தால் எவன்சியானா. மரத்தடி நிழலில், மடலின் ஓரத்திலும், மேலே விழுந்த வெடிப்புகளிலும் மட்டும் குட்டிச் செதில்கள் முளைத்திருந்தால் பிரீடெக்ஸ்டாட்டா. மூன்றாவது படத்தில், இடது பக்க மூலையில் ஒரு வெடிப்பு. அதன் இரு கரையிலும் வரிசையாகக் குட்டிச் செதில்கள் நிற்கின்றன. மகள் அதைக் கவனித்து எடுத்தாவோ தற்செயலாக விழுந்ததோ தெரியாது, ஆனால் வழக்கைத் தீர்த்தது அந்த மூலைதான். என் பதில்: பெல்டிஜெரா பிரீடெக்ஸ்டாட்டா. இளம் மடல்களில் அந்தச் செதில்கள் இராது; அப்போது அதையும் கனைனாவையும் கண்ணால் பிரிப்பது சிரமம். மரபணுவை வைத்து ஆராய்கிறவர்கள் இந்தப் பெயர்களுக்குள்ளேயே இன்னும் பல இனங்கள் ஒளிந்திருப்பதாகக் காட்டி வருகிறார்கள். ஆகவே மகள் தன் குறிப்பில் "ஒத்தது" என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் தப்பில்லை.

நாய்க் கதை. சில பெல்டிஜெரா மடல்களின் நுனி நிமிர்ந்து, அதன்மேல் செங்கபில நிறத்தில் வித்தித் தட்டு வரும். அதை நாயின் பல்லாகக் கண்டார்கள் ஐரோப்பியர். பல் மாதிரி இருந்தால் கடிக்கு மருந்தாகும் என்பது அந்தக் காலத்து நியாயம். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பெயரிட்டபோது நாயையும் பெயருக்குள் சேர்த்துவிட்டார்; கனைனா என்றால் நாய்க்குரியது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் மீட் என்ற பேர்பெற்ற வைத்தியர் இந்த இலைக்கன் தூளையும் மிளகுத் தூளையும் கலந்து விசர்நாய்க் கடிக்குக் கொடுத்தார். 1721ஆம் ஆண்டின் இலண்டன் மருந்து நூலிலும் அது ஏறிற்று. மிளகு கீழைத்தேயத்துச் சரக்கு. இவ்வளவு தூரம் கப்பலேறிப் போயும் பலனில்லை. அந்தத் தூள் ஒருவரையும் காப்பாற்றியிராது. நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆசுபத்திரிக்கு ஓடுங்கள். மஞ்சளும் கோப்பித் தூளும் அப்புகிறவர்கள் இன்னும் நம் ஊரில் இருப்பதால் சொல்கிறேன்.

கடைசிக் கேள்விதான் எனக்குச் சுவை. எங்கள் காட்டில் ஏன் இல்லை? மேப்பிள் இலை கொட்டுவது குளிருக்குப் பயந்து. இலை கொட்டிய பின்னும் வசந்தத்தில் புது இலை விரியுமுன்னும் அங்கே தரைக்கு வெயில் நேரே இறங்குகிறது. அதே வேளையில் மழைத் தூறலும் உருகும் பனியும் தரையை நனைத்துக்கொண்டிருக்கின்றன. வெளிச்சமும் ஈரலிப்பும் ஒன்றாக வருகின்றன. மரத்தடியின் புடைப்பில் சருகு வழுக்கி விழுந்துவிடுவதால் மூடவும் மூடாது. பெல்டிஜெராவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் காட்டில் முதிரையும் தான்றியும் இலை கொட்டுவது தாகத்துக்குப் பயந்து. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தரைக்கு வெயில் இறங்குகிறது, ஆனால் தண்ணீர் இல்லை. மாரியில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் மேலே குடை விரிந்துவிடுகிறது. பச்சை அல்கா உள்ள இலைக்கன் காற்றிலுள்ள ஈரப்பதனை மட்டும் வைத்துக்கொண்டே ஒளித்தொகுப்பைத் தொடங்கிவிடும். சயனோபற்றீரியா உள்ளதற்கு அது போதாது. சொட்டுத் தண்ணீராகவே வேண்டும். ஆகவே அகலமாக விரிந்த பெல்டிஜெரா நம் தாழ்நிலக் காட்டுத் தரையில் பிழைப்பது கடினம். நமக்கு வாய்த்தது வெல்லாவெளி வாசகர் கண்டதுபோன்ற, மண்ணோடு மண்ணாக ஒட்டிய சின்னச் செதில்கள்தான். அதுவும் மரக்குடை இல்லாமல் மாரித் தண்ணீரும் வெயிலும் ஒரே நேரத்தில் கிடைக்கும் பாறையோரங்களில்.

இலைக்கன் மேல் இரசாயனத் துளி விட்டு நிறம் பார்த்து இனம் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன் மிஸ். எங்கள் ஆய்வுகூடத்தில் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு இருக்கிறது. செய்து பார்க்கலாமா?
*உயர்தர மாணவி, அக்கரைப்பற்று*

செய்யலாம், ஆனால் மேலே சொன்ன இரண்டிலும் செய்தால் ஏமாற்றம்தான். எண்டோகார்பனிலும் கனைனா கூட்டத்துப் பெல்டிஜெராவிலும் நிறம் காட்டும் பொருள்கள் இல்லை. துளி விட்டால் நனையும், அவ்வளவுதான். மண்ணில் குட்டிக் கிண்ணங்களாக நிமிர்ந்து நிற்கும் கிளடோனியாவில் இது பெரிதும் உதவும்.

முதலில் கடற்கரைப் பக்கத்து மரத்திலோ சுவரிலோ செம்மஞ்சள் திட்டு ஒன்று தேடுங்கள். 10 சதவீதக் கரைசலில் ஒரு துளியைக் குச்சி நுனியால் வையுங்கள். அந்தச் செம்மஞ்சள் பரியெற்றின் என்ற நிறப்பொருளால் வந்தது என்றால் உடனே ஊதாச் சிவப்பாகிவிடும். பார்த்துவிட்டால் அன்றிரவு நித்திரை வராது, அப்படி ஒரு நிறம். வெளுக்கும் திரவத்தாலும் ஒரு சோதனை உண்டு. அதற்குப் புதிதாகத் திறந்த போத்தல் வேண்டும், பழையது வேலை செய்யாது. ஐதரொட்சைட்டு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். ஆசிரியர் பக்கத்தில் நிற்கட்டும். வெளுக்கும் திரவத்தை எந்த அமிலத்தோடும் கலக்க வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் ஆய்வுகூடத்தில் தோய்க்கும் பாசிச்சாயத் தாளின் சாயமே ரொக்செல்லா என்ற இலைக்கனிலிருந்து எடுக்கப்பட்டதுதான். அமிலமா காரமா என்று இரசாயனவியலுக்கே சொல்லிக் கொடுத்த உயிர் அது.

மழை பெய்தவுடன் எங்கள் பாடசாலை மைதானத்தில் கரும்பச்சைக் கூழ் கிளம்புகிறது. பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். வெயில் எறித்தால் கறுத்த பொருக்காகிவிடும். இதுவும் மண் இலைக்கனா?
*ஆசிரியர், வாழைச்சேனை*

இல்லை சேர். அது நொஸ்ரொக் தனியாகவே வாழ்வது, பங்கசுக் கூட்டாளி இல்லாமல். களுவாஞ்சிகுடி ஐயாவின் மகள் கண்ட மடலுக்குள் இருப்பதன் சொந்தக்காரன்தான், ஆனால் தனிக்கட்டை. மண்ணோடு உறுதியாக ஒட்டாது, கையால் அள்ளலாம். கூழ்போன்ற இலைக்கன்களும் உலகில் உண்டு. அவை மண்ணைப் பிடித்திருக்கும், மடல் ஒழுங்காக வெட்டுப்பட்டிருக்கும், மேலே செங்கபில நிற வித்தித் தட்டுகள் இருக்கும். நுணுக்குக்காட்டியில் இரண்டிலும் நொஸ்ரொக்கின் மணிமாலை தெரியும். நிறமற்ற பங்கசு இழைகளும் மாலைகளுக்கு இடையே ஓடினால் அது இலைக்கன். உங்கள் உயிரியல் வகுப்புக்கு ஒரு பாடவேளைக்குக் குறையாத வேலை கிடைத்துவிட்டது. வழுக்கலுக்கு மருந்து தேட வேண்டாம், தண்ணீர் தேங்கும் பள்ளத்தை மண் போட்டு நிரப்புங்கள்.

இந்தியச் சமையல் நிகழ்ச்சிகளில் கறிக்குப் போடும் கல்பாசியும் இலைக்கன்தான் என்று என் மகன் சொல்கிறான். அப்படியென்றால் காட்டு மண்ணில் உள்ளதையும் சமைக்கலாமா?
*இல்லத்தரசி, சாய்ந்தமருது*

மகன் சொன்னது சரி. கல்பாசி பாமோற்றீமா என்ற இலைக்கன், பட்டையிலும் பாறையிலும் வளர்வது. நோன்பு காலத்தில் நீங்கள் காய்ச்சும் கடற்பாசி வேறு, அது கடலில் வளரும் அல்கா. மண்ணில் உள்ளதைச் சட்டிக்குள் போடாதீர்கள் தங்கச்சி. கல்லும் மண்ணும்தான் பல்லில் கடிபடும், இனம் தெரியாத பங்கசு வேறு. கடையில் வாங்கிய கல்பாசியே காணும்.

எந்த மாதத்தில், எங்கே போனால் மண் இலைக்கன் பார்க்கலாம்? லகுகல பக்கம் போகலாமா?
*வாசகர், பொத்துவில்*

தை பிற்பகுதி, மாசி. மாரி ஓய்ந்து, பாதை நடக்கக் கூடியதாகி, மண்ணில் ஈரலிப்பு இன்னும் இருக்கும் காலம். காலைப் பனி உலர்வதற்கு முன்னர் போனால் செதில் எல்லாம் விரிந்து நிறத்தோடு கிடக்கும். ஆவணியில் போனால் மண்ணுக்கும் செதிலுக்கும் வித்தியாசம் தெரியாமல் மிதித்துவிட்டு வருவீர்கள். கட்டாயம் அப்போதுதான் போக முடியும் என்றால் தண்ணீர் விசிறும் போத்தல் ஒன்று கொண்டு போங்கள்.

லகுகலவும் கல்லோயாவும் தேசியப் பூங்காக்கள். அங்கே கண்ணால் பார்க்கலாம், படம் எடுக்கலாம்; ஒரு செதிலைக் கூடப் பெயர்த்து எடுக்க முடியாது, அனுமதி வேண்டும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானைக்கு மட்டும் எழுதியதல்ல. யானை என்றதும் இதையும் சொல்ல வேண்டும்: மண்ணை மட்டும் பார்த்து நடக்கிறவர் முன்னால் நிற்பதைக் காணமாட்டார். இருவராகப் போங்கள். ஒருவர் குனியும்போது மற்றவர் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

கல்லோயாவில் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் புல்வெளிக் காடு உண்டு. திரிபலை மூன்றும் ஒரே இடத்தில். மரங்கள் ஐதாக நிற்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. நல்ல இடம்போலத் தோன்றும். ஆனால் அங்கே உயரமான புல், காய்ந்த காலத்தில் தீ. தீ ஓடிய தரையில் மண் இலைக்கன் மீண்டு வர வருடக் கணக்காகும். புல்லை விட்டு, தீ ஏறாத பாறைத் தட்டுகளின் ஓரத்தைப் பாருங்கள். மாட்டுக்காரத் தம்பிமார் இளம்புல்லுக்காக நெருப்பு வைப்பதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. இதழாசிரியர் இடம் தந்தால் இன்னொரு மாதம்.

கண்டதை உங்களுக்கு எப்படி அனுப்புவது?
*பலர்*

பொலித்தீன் பையில் அனுப்பாதீர்கள். சென்ற வாரம் ஒன்று வந்தது, திறந்தபோது பூஞ்சணம் மட்டும்தான் உள்ளே. நிழலில் ஒரு நாள் உலரவிட்டு, பத்திரிகைத் தாளை மடித்த உறைக்குள் வையுங்கள். மண்ணோடு சேர்த்து ஒரு ரூபாய்க் குற்றி அளவு போதும். அதிகமாக இருக்கும் இடத்தில் மட்டும் எடுங்கள், ஒன்றே ஒன்று இருந்தால் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மண் உதிரும் என்றால், எடுக்குமுன் தண்ணீர் தெளித்து, கத்தியை அடியில் செருகித் தட்டையாகத் தூக்க வேண்டும். உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். ஊர், திகதி, மண் மணலா களியா, வெயிலா நிழலா, பக்கத்தில் என்ன மரம். படம் எடுத்தால் மூன்று: தூரத்திலிருந்து இடம், கிட்டவிருந்து மேற்பக்கம், ஒரு மடலை நிமிர்த்தி அடிப்பக்கம். உங்கள் பெயர் எழுத மறந்தாலும் மன்னிப்பேன்.